பத்து கிலோமீற்றரில் கவிழும் ரொக்கெட்: ஹட்டன் தம்பிக்கு ஒரு பதில்

கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்பது ரொக்கெட்டை நாமே கட்டி ஏவிப் பார்க்கும் கம்ப்யூட்டர் கேம். அதைப் பற்றி ஹட்டனில் ஏ.எல். கணிதப் பிரிவில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்ல நானே கட்டின ரொக்கெட்ட நேராத்தான் ஏத்துறேன். பத்து கிலோமீற்றர் தாண்டி கிழக்குப் பக்கம் திருப்புனதும் தலைகீழா கவுந்துடுது. திருப்பாம விட்டா 90 கிலோமீற்றர் வரைக்கும் போகுது, ஆனா திரும்ப விழுந்துடுது. ரிலயன்ட் எஞ்சின், ஒரே நீட்டு டேங்க், மேல ஒரு கெப்ஸ்யூல். எஞ்சினைக் கூட்டணுமா, இல்ல எனக்கு ஓட்டத் தெரியலையா?"

எஞ்சினைக் கூட்டவே வேண்டாம் தம்பி. ஓட்டத் தெரியாததும் பெரிய குறை இல்லை. நல்லாக் கட்டின ரொக்கெட்டில் ஏவின பிறகு கைக்கு அதிகம் வேலை இருக்காது. உங்கள் ரொக்கெட் கட்டும் கொட்டகையிலேயே பாதி கவிழ்ந்துவிட்டது. மீதிப் பாதி, நீங்கள் திருப்பிய நேரம் பிந்தியது.

முதலில் அந்த 90 கிலோமீற்றர் விஷயம், ஏனென்றால் அது புரியாமல் மற்றது புரியாது. கேமில் நாம் ஏவும் கோள் கேர்பின். அதன் வளிமண்டலம் 70 கிலோமீற்றரில் முடிகிறது. அப்படியானால் 90இல் நீங்கள் விண்வெளியில்தான் இருந்தீர்கள். ஆனாலும் விழுந்தீர்கள், காரணம் அங்கே உங்களுக்குப் பக்கவாட்டு வேகம் கிட்டத்தட்ட இல்லை. இணைந்த கணிதத்தில் எறியம் படித்திருப்பீர்களே. பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில் நின்று ஒரு கல்லைக் கிடையாக எறிந்தால் கொஞ்ச தூரத்தில் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் பதுளைப் பக்கம் விழும். காற்றின் தடை இல்லை என்று வைத்துக்கொண்டு இன்னும் இன்னும் வேகமாக எறிந்தால், கல் கீழே வளையும் அளவுக்குத் தரையும் வளைந்து விலகிப்போகும் ஒரு வேகம் வரும். நியூட்டன் இதைப் பீரங்கிக் குண்டை வைத்துச் சொன்னார். அந்த வேகத்தில் கல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் தரையை எட்டுவதில்லை. அதுதான் சுற்றுப்பாதை.

கேர்பினில் 80 கிலோமீற்றர் உயரத்தில் அந்த வேகம் செக்கனுக்கு 2,280 மீற்றர் அளவு. காற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நேராக மேலே 90 கிலோமீற்றர் போக 1,240 போதும். பாருங்கள், உயரம் மலிவு, பக்கவாட்டு வேகம்தான் விலை கூடியது. விண்வெளிக்குப் போவதென்றால் மேலே போவது என்று நினைத்துத்தான் இந்த கேமில் எல்லாரும் எரிபொருளைக் கொட்டுகிறார்கள். மேலே போவது காற்றைவிட்டு வெளியே வருவதற்கு மட்டும்தான். நிஜப் பூமியிலும் இதே கதை, எண்கள்தான் பெரிது. பூமியைத் தாழ்வாகச் சுற்றக் கிட்டத்தட்ட 7,800 வேண்டும். கேர்பினின் ஆரை 600 கிலோமீற்றர், பூமியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதனால்தான் வீட்டு லெப்டொப்பில் ஒரு மாலைக்குள் இதைச் செய்ய முடிகிறது.

இனி கவிழ்வதற்கு வருவோம். பூப்பந்தை எப்படித் திருப்பி அடித்தாலும் தக்கை முன்னால் போகும், இறகு பின்னால் வரும். பாரம் முன்னால், காற்று பிடிக்கும் பகுதி பின்னால் இருப்பதால் அது தானாகத் திருந்திக்கொள்கிறது. உங்கள் ரொக்கெட் இதற்கு நேர் எதிர். கெப்ஸ்யூல் 0.84 தொன், அடியில் இருக்கும் ரிலயன்ட் எஞ்சின் 1.25 தொன். டேங்க் நிறைந்திருக்கும்போது திணிவு மையம் நடுவில் இருக்கும், தொல்லை தெரியாது. எரிபொருள் தீரத் தீர அந்த மையம் எஞ்சினை நோக்கி இறங்கிவிடும். பத்து கிலோமீற்றருக்கு வரும்போது நீங்கள் வால் கனத்த ஒரு காலிக் குழாயை ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்றுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் மூக்கைக் கொஞ்சம் திருப்பினாலும் காற்று அதைப் பிடித்து முழுதாகத் திருப்பிவிடும்.

இதற்கு மேல், ரிலயன்ட் எஞ்சினின் வாய் அசையாது. தள்ளும் விசை கூட என்பதற்காகப் பலரும் அதையே எடுக்கிறார்கள். ஸ்விவல் எஞ்சினுக்கு விசை கொஞ்சம் குறைவு, ஆனால் அதன் வாய் மூன்று பாகை வரை இரண்டு பக்கமும் திரும்பும். ரொக்கெட் சாயும்போது அதை நிமிர்த்துவது அந்தத் திருப்பம்தான். உங்களிடம் இருப்பது கெப்ஸ்யூலுக்குள் உள்ள சுழற்சிச் சக்கரம் மட்டும். வெற்றிடத்தில் அது போதும், பத்து கிலோமீற்றரில் காற்றோடு மல்லுக்கு நிற்க அதற்குப் பலம் கிடையாது.

ஆகவே கொட்டகைக்குத் திரும்புங்கள். திரையின் கீழ் மூலையில் மையங்களைக் காட்டும் பட்டன்கள் இருக்கின்றன. மஞ்சள் உருண்டை திணிவு மையம், நீல உருண்டை காற்று பிடிக்கும் மையம். மஞ்சள் மேலே, நீலம் கீழே வர வேண்டும். வரவில்லையென்றால் அடியில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே, மூன்று அல்லது நான்கு செட்டைகளைப் பூட்டுங்கள். மேலே பூட்டின செட்டை ரொக்கெட்டைக் கவிழ்க்கத்தான் உதவும். அழகுக்காக நடுவில் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாடிப் பிரயோசனம் இல்லை. இன்னொன்று, டேங்கை வலது க்ளிக் செய்தால் எரிபொருளைக் குறைத்துப் பார்க்க ஒரு அளவுகோல் வரும். அதைப் பூச்சியத்துக்கு இழுத்து மஞ்சள் உருண்டை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பத்து கிலோமீற்றரில் உங்கள் ரொக்கெட் எப்படி இருந்தது என்பதை அங்கேயே, தரையில் வைத்தே காணலாம். பார்த்துவிட்டு மறுபடி நிரப்ப மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரே நீட்டு டேங்க் என்பதையும் விடுங்கள். இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். நான் சொல்லும் ரொக்கெட் சின்னது, ஆனால் சுற்றுப்பாதைக்குப் போய்த் திரும்பி வரும். மேலிருந்து கீழாக: மார்க் 16 பாரசூட், மார்க் 1 கெப்ஸ்யூல், 1.25 மீற்றர் வெப்பக் கவசம், பிரிப்பான், எப்.எல்.-டி400 டேங்க் ஒன்று, டெரியர் எஞ்சின். அதற்குக் கீழே இன்னொரு பிரிப்பான், எப்.எல்.-டி800 டேங்க் ஒன்று, ஸ்விவல் எஞ்சின், அடியில் செட்டைகள். மொத்தம் பத்துத் தொன்னுக்குச் சற்று மேல்.

இது போதுமா என்பதை ஏவிப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்றில்லை. ரஷ்யாவின் ட்சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாடு இருக்கிறது. ரொக்கெட் பெறக்கூடிய மொத்த வேக மாற்றம் = 9.81 × எஞ்சினின் ஐ.எஸ்.பி. × இயற்கை மடக்கை (எரிபொருளோடு உள்ள திணிவு ÷ எரிந்து முடிந்த பின் உள்ள திணிவு). ஐ.எஸ்.பி. என்பது எரிபொருளை எஞ்சின் எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்பதைக் காட்டும் எண். எஞ்சினின் விவரப் பெட்டியில் இருக்கும். மேல் அடுக்கு நிறைந்த நிலையில் 4.03 தொன். 2 தொன் எரிபொருள் போனால் 2.03. டெரியருக்கு வெற்றிடத்தில் ஐ.எஸ்.பி. 345. கல்குலேட்டரில் போட்டால் 2,320 வரும். கீழ் அடுக்குக்கு முழு ரொக்கெட்டும் பாரம்: 10.07இலிருந்து 6.07. ஸ்விவலின் ஐ.எஸ்.பி. கடல் மட்டத்தில் 250, வெற்றிடத்தில் 320. ஆகவே 1,240க்கும் 1,590க்கும் இடையில் எங்கோ. கூட்டினால் குறைந்தது 3,500. கேர்பினில் தரையிலிருந்து சுற்றுப்பாதைக்கு, காற்றுக்கும் ஈர்ப்புக்கும் இழப்பதையும் சேர்த்து, 3,400 அளவு வேண்டும். போதும், திரும்பிவரவும் மிஞ்சும். புதிய பதிப்புகளில் கேமே இந்த எண்ணை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். மடக்கைக்குள் திணிவு இருப்பதால், டேங்கை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது என்பது அப்போதுதான் உறைக்கும். "எஞ்சினைக் கூட்டணுமா" என்ற கேள்விக்கும் அதுதான் பதில்.

இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். ஸ்விவல் தரைமட்டத்தில் தரும் விசை 168 கிலோநியூட்டன். ரொக்கெட்டின் நிறை 10.07 × 9.81, அதாவது 99 கிலோநியூட்டன். ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.7. ஒன்றுக்குக் குறைந்தால் மேடையிலேயே நின்று எரியும். இரண்டைத் தாண்டினால் அடர்ந்த காற்றுக்குள் தேவையில்லாத வேகம். 1.3க்கும் 1.7க்கும் இடையில் வைத்தால் சௌகரியம். டெரியரை மட்டும் தரையில் பற்றவைக்காதீர்கள், கடல் மட்டத்தில் அதன் ஐ.எஸ்.பி. வெறும் 85. அது மேல் அடுக்குக்கென்றே பிறந்த எஞ்சின்.

கொட்டகையை விட்டு வெளியே வருமுன் அடுக்கு வரிசையைப் பாருங்கள். ஸ்பேஸ் பாரை அழுத்த அழுத்தக் கீழேயிருந்து மேலாக ஒவ்வொன்றாக இயங்கும். முதலில் ஸ்விவல், அடுத்துக் கீழ்ப் பிரிப்பானும் டெரியரும், அடுத்து மேல் பிரிப்பான், கடைசியில் பாரசூட். கேம் தானாகப் போடும் வரிசையை நம்பினால் சில நேரம் பாரசூட்டும் எஞ்சினும் ஒரே அடுக்கில் வந்து நிற்கும். மேடையிலேயே பாரசூட் விரியும் காட்சி அப்படித்தான் வருகிறது.

இப்போது ஏவுதல். கேம் தரும் விண்வெளி வீரர்களில் ஜெபடையா அல்லது வலன்டீனா பைலட்டாக உள்ளே இருக்கட்டும். பில் எஞ்சினியர், பொப் விஞ்ஞானி, அவர்களுக்கு ரொக்கெட்டை நிலையாகப் பிடிக்கும் எஸ்.ஏ.எஸ். வராது. எஸ்.ஏ.எஸ்.ஸைப் போடுங்கள், இஸட் பட்டனை அழுத்தி முழுவிசைக்குக் கொண்டுவாருங்கள், ஸ்பேஸ் பார். ரொக்கெட் எழும்போது கண் ரொக்கெட்டில் இருக்கக்கூடாது, கீழே இருக்கும் உருண்டையில் இருக்க வேண்டும். நாவ்போல் என்பார்கள். அதன் நீலப் பாதி வானம், மண்ணிறப் பாதி தரை. நேராக நிற்கும்போது உங்கள் மூக்கின் குறி நீலத்தின் நட்ட நடுவில் இருக்கும். அங்கிருந்து 90 என்று எழுதிய கோடு ஒன்று இறங்கும், அதுதான் கிழக்கு.

வேகம் செக்கனுக்கு 50, 60 மீற்றர் ஆனதும் டி பட்டனைத் தட்டித் தட்டி மூக்கை அந்த 90 கோட்டில் ஏழெட்டுப் பாகை சாயுங்கள். பத்து கிலோமீற்றர் வரை காத்திருக்கக்கூடாது. இந்த நேரத்தில் ரொக்கெட் இன்னும் மேடைக்கு மேலே சில நூறு மீற்றரில்தான் இருக்கும், சாய்ப்பது பயமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, சாயுங்கள். பட்டனைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். கெப்ஸ் லொக்கைப் போட்டால் கட்டுப்பாடு மென்மையாகும், பக்கத்தில் இருக்கும் முட்களும் நிறம் மாறிக் காட்டும். மஞ்சள் பச்சையில் ஒரு வட்டம் நகர்ந்து வரும், அது நீங்கள் உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசை. மூக்கின் குறியும் அந்த வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று வந்ததும் எஸ்.ஏ.எஸ்.ஸில் அந்தத் திசையைப் பிடிக்கும் குறியைத் தெரிவுசெய்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கேரியர் முறையில் புதிய பைலட்டுக்கு அந்தக் குறி கிடைக்காது. ஒருமுறை கேர்பினைச் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினால்தான் வரும். அதுவரை நீங்களே வட்டத்தின் மேல் மூக்கை மெல்ல மெல்ல வைத்துப் போக வேண்டும்.

கையை எடுத்தால் என்ன நடக்கும்? ஈர்ப்பு ரொக்கெட்டின் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கும், மூக்கு பாதையைப் பின்தொடரும். காற்று எப்போதும் நேர் எதிரில் வருவதால் கவிழ்க்க அதற்கு ஒரு பிடி கிடைக்காது. அரை நிமிடத்துக்குள் பிதுருதலாகலையின் உயரத்தைத் தாண்டிவிடுவீர்கள். பத்து கிலோமீற்றர் வாக்கில் 45 பாகை சாய்ந்திருந்தால் மிக நன்று. அங்கே இன்னும் நிமிர்ந்தே இருந்தால் அடுத்த தடவை ஆரம்பச் சாய்வைக் கூட்டுங்கள், அதற்குள்ளேயே படுத்துவிட்டால் குறையுங்கள். வழியில் பிடித்து இழுத்துத் திருத்துவதைவிட அடுத்த ஏவலில் ஆரம்பத்தைத் திருத்துவது எப்போதும் மேல். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பே ஸ்விவல் எரிந்து முடியும். ஸ்பேஸ் பார், டெரியர் பற்றும்.

பிந்தித் திருப்புவதன் விலை நிஜ ரொக்கெட்டுக்கும் உண்டு, அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் நேரே தெற்கே போனால் இலங்கைக்கு மேலாகப் பறக்க வேண்டும். எரிந்து முடிந்த அடுக்குகள் நம் தலையில் விழக்கூடாதே. அதனால் முதலில் தென்கிழக்கே போய், தீவைத் தாண்டிய பிறகு தெற்கே திரும்புகிறது. வேகம் எடுத்த பின் திசை மாற்றுவதால் எரிபொருள் செலவாகி, கொண்டுபோகும் பாரம் குறைகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் சின்ன ரொக்கெட்டுகளுக்காகப் புதிய ஏவுதளம் அமைக்க 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேரே தெற்கே விடலாம், குறுக்கே நாம் இல்லை.

கிழக்கே சாயச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கேர்பின் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது, மேடையில் நிற்கும்போதே உங்களுக்குச் செக்கனுக்கு 175 மீற்றர் வேகம் இலவசம். மேற்கே ஏவினால் அதை இழப்பதோடு இன்னொரு 175 கையிலிருந்து கட்ட வேண்டும்.

எம் பட்டனை அழுத்தி வரைபடத்துக்குப் போங்கள். உங்கள் பாதை ஒரு நீல வளைவாகத் தெரியும், அதன் உச்சியில் ஏபி என்ற குறி. உச்சி 80 கிலோமீற்றரைத் தொட்டதும் எக்ஸ் பட்டனால் எஞ்சினை நிறுத்துங்கள். நாவ்போல் இடையில் தரை வேகத்திலிருந்து சுற்றுப்பாதை வேகத்துக்குத் தானாக மாறும். அப்போது மஞ்சள் வட்டம் ஒரு துள்ளுத் துள்ளும், பதற வேண்டாம். எஞ்சின் நின்றதும் அதன் வாயால் கிடைத்த திருப்பமும் நின்றுவிடும், இனிக் கெப்ஸ்யூலின் சக்கரம் போதும்.

வரைபடத்தில் பாதையின் உச்சியை க்ளிக் செய்து, அடுத்த எரிப்பைத் திட்டமிடும் குறி ஒன்றைப் போட்டு, முன்னோக்கிய கைப்பிடியை இழுத்து, பாதையின் தாழ்ந்த பக்கமும் 70ஐத் தாண்டும்வரை கொண்டுவாருங்கள். எத்தனை செக்கன் எரிக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். 40 செக்கன் என்றால் உச்சிக்கு 20 செக்கன் இருக்கும்போது தொடங்குங்கள், பாதி முன்னால், பாதி பின்னால். கடைசியில் விசையைக் குறைத்துக் குறைத்து முடிக்க வேண்டும்.

பழைய லெப்டொப்பாக இருந்தால் ஒரு விஷயம். மேல் மூலையில் ஓடும் கடிகாரம் பச்சையாக இருந்தால் கேம் நிஜ நேரத்தில் ஓடுகிறது. மஞ்சளானால் கணக்குப் போட மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது, பட்டனுக்கு ரொக்கெட் பிந்தித்தான் அசையும். அதைப் பார்த்து நீங்கள் கூடுதலாக அழுத்துவீர்கள், அது அப்படியே கவிழும். பாகங்களைக் குறைத்துக் கட்டுவதுதான் மருந்து. மழை நாளில் கரண்ட் போவது நம் பக்கத்துக்குப் புதிது இல்லை என்பதால், சுற்றுப்பாதைக்கு வந்ததும் எப்5ஐத் தட்டிச் சேமித்துவிடுங்கள். எப்9ஐப் பிடித்து அழுத்தினால் அதே இடத்துக்குத் திரும்பலாம். லெப்டொப்பே இல்லாத தம்பி தங்கைகளுக்குப் போனில் ஸ்பேஸ்ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கிறது. தட்டையான படம்தான், ஆனால் மேலே சொன்ன சாய்வும் பக்கவாட்டு வேகமும் அதிலும் அப்படியே. கேர்பலின் இரண்டாம் பாகத்தை வாங்க வேண்டாம், 2023இல் பாதிவேலையாக வந்து அப்படியே நின்றுபோனது. 2015இல் முழுமையாக வந்த முதலாம் பாகமே போதும்.

திரும்பி வருவது சுலபம். போகும் திசைக்கு நேர் எதிராகத் திரும்பி, பாதையின் தாழ்ந்த பக்கம் 30, 35 கிலோமீற்றருக்கு வரும்வரை எரியுங்கள். பிறகு டெரியரைப் பிரித்துவிட்டு வெப்பக் கவசம் முன்னால் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தீப்பிழம்பு அடங்கி வேகம் 250க்குக் கீழே வந்த பிறகுதான் பாரசூட். அவசரப்பட்டால் கிழிந்து போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் கவிழ்ந்தால், கொட்டகையில் மஞ்சள், நீல உருண்டைகள் தெரிய இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி. ஒன்று டேங்க் நிறைந்த நிலையில், மற்றது கீழ் டேங்க் காலியான நிலையில். பறக்கும்போது எடுத்த படம் வேண்டாம்.